ஃபாஸ்டர் என்ற சொல்லும் என் சந்தேகமும்

அன்பரசு,

ஒரே வீட்டுக்குள் இருந்துகொண்டு, நடுவில் ஒரு சுவரை வைத்துக்கொண்டு மகனுக்குக் கடிதம் எழுதுகிற அப்பன் தஞ்சாவூரிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். சிரித்துக்கொள். நீ என்னோடு பேசி ஆறு நாள் ஆகிறது. காப்பியை மலர்தான் கொண்டுவந்து வைக்கிறாள். அவளும் "மாமா, காப்பி" என்பதற்கு மேல் ஒரு சொல் செலவழிப்பதில்லை. உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. போன வாரம் குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து வந்த அந்த அம்மா வீடு முழுவதையும் சுற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் என் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஐயா, ஒரு ஆறு வயசுப் பெண் குழந்தைய உங்க மகனும் மருமகளும் ஃபாஸ்டர் கேர்ல எடுக்கப் போறாங்க. வீட்டுக்குப் பெரியவர் நீங்க. உங்களுக்குச் சம்மதந்தானே?" என்று கேட்டார். நான் "யோசிச்சுச் சொல்றேங்க" என்றேன். படிவத்தில் என் கையெழுத்துக்கான இடம் காலியாகவே திரும்பிப் போயிற்று. வருகிற வெள்ளிக்கிழமை மறுபடி வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குள் உனக்கு ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். வாயால் சொன்னால் பாதியில் நீ எழுந்து போவாய், மீதிப் பாதியில் எனக்கு இருமல் வந்துவிடும். அதனால் எழுதுகிறேன்.

நான் ஒரு சந்தேகப் பிராணி என்று உன் அம்மா ஊரெல்லாம் சொல்லிவிட்டுத்தான் போய்ச் சேர்ந்தாள். மறுக்கவில்லை. முப்பது வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக நின்றவனுக்கு, ஜன்னலோரம் கண்ணை மூடியிருப்பவன் நிஜமாகவே தூங்குகிறானா, இல்லை டிக்கெட்டுக்குத் தூங்குகிறானா என்று பார்க்காமல் இருக்க முடியாது. பல்லைக் காட்டிச் சிரிக்கிறவனிடம் இரண்டு மடங்கு கவனமாக இருப்பேன். பால்காரர் ஒரு நாள் பால் கெட்டியாக இருக்கிறது என்று தானாகவே சொன்னால், அன்றைக்குத்தான் நான் பாலை முகர்ந்து பார்ப்பேன். ஆனால் இந்தக் குணம் பஸ்ஸில் வந்ததென்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். பஸ் ஏறுவதற்கு முன்பே அது எனக்கு வந்துவிட்டது. ஒரே ஒரு இங்கிலீஷ் சொல்லால் வந்தது. அதே சொல்லைத்தான் அந்த அம்மா போன வாரம் என் முகத்துக்கு நேராகச் சொன்னார்.

அதற்கு முன்னால், உன் மேல் எனக்கு வந்த சந்தேகத்தையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். மறைத்து வைத்து நல்லவன் வேஷம் போட எனக்கு வயதில்லை. இரண்டு வாரத்துக்கு முன் நீ மாடிப்படியில் நின்று யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தாய். அந்தக் குழந்தை கயலைப் பற்றித்தான். அப்பா கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. அதிலிருந்து அம்மாவுக்கு மனம் பேதலித்து ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். குழந்தை காப்பகத்தில் இருக்கிறது. இதெல்லாம் எனக்கு ஏற்கனவே தெரியும். நீ அன்றைக்குச் சொன்னது வேறு. "அவங்கம்மா தேறி வர்றது கஷ்டம்னுதான் சொல்றாங்கடா. அப்புறம் மெதுவா தத்தா மாத்திக்கலாம்" என்றாய். சொன்னது பெரிதில்லை தம்பி. சொன்னபோது உன் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கையில் பிழிந்த வேட்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். எட்டு வருஷமாக நீயும் மலரும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கியதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இரண்டு முறை கரு தங்கி, இரண்டு முறையும் கலைந்து போனபோது நீ குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுததும் எனக்குத் தெரியும். உன் ஆசையில் எனக்குச் சந்தேகமில்லை. அந்த ஆசை இன்னொருத்தி தேறக்கூடாது என்ற இடத்தில் போய் நிற்கிறதே, அதில்தான் சந்தேகம்.

உன் அலமாரியிலிருந்த தடித்த அகராதியை எடுத்து அந்தச் சொல்லைத் தேடினேன். வளர்த்தல், பேணுதல், ஊக்குவித்தல் என்று வரிசையாகப் போட்டிருந்தது. எனக்குப் போதவில்லை. கூத்தாநல்லூர் இஸ்மாயில் சாருக்குப் போன் செய்தேன். என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர், பின்னால் அங்கேயே இங்கிலீஷ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். "என்னா திடீர்னு இந்த வார்த்தைமேல ஆசை?" என்று கேட்டுவிட்டு, பாடம் எடுக்கிற குரலுக்கு மாறினார். "அடாப்ட்னா தத்து. அது பேரு, சொத்து, பரம்பரை எல்லாத்தையும் மாத்திப்புடும். இது அப்படி இல்ல. இது பழைய இங்கிலீஷ் வார்த்தை, வேர்ல பார்த்தா சோறுதான். ஃபுட்னு சொல்றோமே, அதோட ஒட்டு. அடுத்தவங்க புள்ளைக்குச் சோறு போடுறது. பேரு அவங்களுதுதான், சோறு மட்டும் நம்மளுது." பிறகு இதையும் சொன்னார்: "இன்னொன்னு, அந்த வார்த்தைய நல்லதுக்கு மட்டும் சொல்றதில்ல. நம்பிக்கைய வளர்க்குறதுக்கும் அதான், பகைய வளர்க்குறதுக்கும் அதான்." நம் தமிழில் மட்டும் என்ன வாழ்கிறது? வளர்ப்பு நாய் என்கிறோம், வளர்ப்புத் தாய் என்கிறோம். பிள்ளை தப்பு செய்தால் வளர்ப்பு சரியில்லை என்கிறோம். நல்லது செய்தால் வளர்ப்பைப் பற்றி எவனும் வாய் திறப்பதில்லை.

எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் வாரத்துக்கு வளர்ப்பது என்று ஒன்று உண்டு. மாடு உள்ளவர் கிடேரிக் கன்றைக் கூலி வேலை செய்கிறவரிடம் விடுவார். இவர் புல் அறுத்துப் போட்டு, தண்ணீர் காட்டி வளர்க்க வேண்டும். அது பெரிதாகிக் கன்று போட்டதும், கன்று வளர்த்தவருக்கு, தாய்மாடு கொடுத்தவருக்கு. என் அப்பா அப்படி ஒரு செவலைக் கிடேரியை வளர்த்தார். திருப்பி ஓட்டிக்கொண்டு போக வேண்டிய அன்று அதை ஆற்றில் இறக்கித் தேய்த்துக் குளிப்பாட்டினார். ஆள் அனுப்பி ஓட்டிப் போகச் சொல்லியிருக்கலாம். அவரே கயிற்றைப் பிடித்து நடந்து போய்க் கட்டிவிட்டு வந்து, மூன்று நாள் சோற்றில் கை வைக்கவில்லை. வளர்த்ததைத் திருப்பிக் கொடுப்பது எப்படி என்று எனக்கு யாரும் பாடம் நடத்தவில்லை, பார்த்திருக்கிறேன். மாடும் குழந்தையும் ஒன்றா என்று நீ கேட்பாய். ஒன்றில்லை. ஆனால் என்னையும் வளர்த்தார்கள் தம்பி, அதைத்தான் சொல்ல வருகிறேன்.

என் ஃபாஸ்டர் கதை உனக்கு மனப்பாடம். நீ கல்லூரியில் சொல்லி, உன் கல்யாணத்துக்கு வந்த உன் நண்பர்கள் என்னை "ஃபாஸ்டர் அங்கிள்" என்று கூப்பிட்டுச் சிரித்த கதை. சென்னையில் ஆட்சி மாறி, எங்கள் தெருவில் பிறக்கிற குழந்தைக்கெல்லாம் தமிழ்ப் பெயர் வைக்க ஆரம்பித்திருந்த காலம். நிலத்துக்கு உச்சவரம்பு என்று சட்டம் வந்து, அதையும் பாதியாகக் குறைத்திருந்தார்கள். ஒரு குடும்பத்துக்கு இவ்வளவு நிலந்தான், மிச்சம் உபரி, அதை அரசாங்கம் எடுத்து நிலமில்லாதவர்களுக்குக் கொடுக்கும் என்றார்கள். எங்கள் ஊர் மிராசுதாரை, நாங்கள் பெரிய ஐயா என்போம், விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அவர் வீட்டில் எடுபிடியாக வளர்ந்த என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதிகாரி என்னைப் பார்த்து இங்கிலீஷில், நீ இவருக்கு ஃபாஸ்டர் சன்னா என்று கேட்டார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் ஃபாஸ்ட், ஃபாஸ்டர், ஃபாஸ்டஸ்ட். வயலுக்கும் வீட்டுக்கும் தகவல் கொண்டு ஓடுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. அதைத்தான் கேட்கிறார் என்று நினைத்து நெஞ்சை நிமிர்த்தி "ஆமாங்க, நாந்தான் ஃபாஸ்டர்" என்றேன். இதுதான் நீ சொல்கிற கதை. நான் உனக்குச் சொன்ன கதை.

அதில் பாதி பொய்.

முழுவதையும் இப்போது சொல்கிறேன். என் அம்மா செத்தபோது எனக்கு ஒன்பது வயது, எனக்குக் கீழே இரண்டு பேர். பெரிய ஐயா என் அப்பாவைக் கூப்பிட்டு, "பெரியவன இங்க வுடு. ரெண்டு எழுத்து படிக்கட்டும், மாட்டுக்கும் புல்லு போட்டாப்புல ஆச்சு" என்றார். அப்பா விட்டார். நான் அந்த வீட்டில் மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்து அறையில் படுத்தேன், கொல்லைப்புறம் உட்கார்ந்து அலுமினியத் தட்டில் சாப்பிட்டேன். கூடத்துக்குள் கால் வைத்ததில்லை. ஆனால் பள்ளிக்கூடம் போனேன். டைபாய்டு வந்தபோது ஐயா டாக்டரை வீட்டுக்கே வரவழைத்தார். ஐயாவின் மனைவி என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். இதெல்லாம் நடந்தது, நடக்கவில்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். அதனால்தான் இன்று வரைக்கும் எனக்குக் குழப்பம்.

எனக்குப் பதினெட்டு வயது முடிந்த அன்று அந்த வீட்டில் கேசரி கிளறினார்கள். எனக்குப் பிறந்தநாள் எது என்று எனக்கே தெரியாது. பள்ளிச் சான்றிதழைப் பார்த்து ஐயா கண்டுபிடித்து வைத்திருந்தார். புதுச் சட்டை கொடுத்து, கூடத்துக்குள் கூப்பிட்டு, பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். அதுவரைக்கும் என் பிறந்தநாளை யாரும் கொண்டாடியதில்லை. என் அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர், "பதினெட்டுக்கு மட்டும் ஏன்டா கேசரி?" என்று கேட்டார். எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. வயிற்றெரிச்சல் என்று நினைத்தேன். பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிற வயது அது என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது, பத்தாவது படித்த எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த வாரமே என் சாமான்களைக் கூடத்துக்கு மாற்றினார்கள். பாய், தலையணை எல்லாம் புதுசு. யாராவது அதிகாரிகள் வந்து பார்த்தால் நான் உள்ளே இருக்க வேண்டும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். வாய்க்காலுக்குத் தெற்கே இருந்த ஐயாவின் நிலம் அவர் கணக்கில் வராதபடி என் பெயருக்கு செட்டில்மெண்ட் ஆகியிருந்தது, பழைய தேதி போட்டு. "என் வளர்ப்பு மகன்மீது நான் கொண்ட வாஞ்சையை முன்னிட்டு" என்று எழுதியிருந்தது. வாஞ்சை என்ற சொல்லை நான் பத்திரத்தில்தான் பார்த்திருக்கிறேன், மனிதர் வாயில் கேட்டதில்லை. அந்த நிலத்தைத்தான் உபரி என்று சொல்லி, பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரர்கள் மனுப் போட்டிருந்தார்கள். அதில் தலைமுறை தலைமுறையாக நடவு நட்டவர்கள், அறுத்தவர்கள் எல்லாரும் எங்கள் தெரு. மனுவில் கைநாட்டு வைத்தவர்களில் என் அப்பாவும் ஒருவர்.

விசாரணை நாளில் அப்பாவும் மற்றவர்களும் அலுவலகத் தாழ்வாரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்கள். கதவு திறந்துதான் இருந்தது. அதிகாரி இங்கிலீஷில் கேட்டார், நான் "நாந்தான் ஃபாஸ்டர்" என்று உளறினேன், அறையில் சிரித்தார்கள். அது வரைக்கும் கதை உண்மை. அதிகாரி சிரிக்கவில்லை. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, நிறுத்தி நிதானமாகத் தமிழில் கேட்டார். "தம்பி, நான் கேக்குறது புரியுதா? நீ இவரோட வளர்ப்பு மகனா? இந்த வீட்ல உன்னைய மகனா வச்சிருக்காங்களா, வேலைக்கு வச்சிருக்காங்களா? பயப்படாம சொல்லு." நல்ல மனிதர். எனக்கு ஒரு வாசலைத் திறந்துவிட்டார். நான் திரும்பிப் பார்த்தேன். தாழ்வாரத்தில் என் அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அதிகாரியைப் பார்த்து, "மகனாத்தாங்க வச்சிருக்காங்க" என்றேன்.

யாரும் மிரட்டவில்லை, அன்பரசு. இத்தனை வருஷமும் பாஷை தெரியாமல் மாட்டிக்கொண்ட அப்பாவியாக உன் முன்னால் நடித்துவிட்டேன். எனக்குப் புரிந்தது. அந்த ஒரு வாரம் கூடத்தில் படுத்திருந்த சுகம் எனக்குப் பிடித்திருந்தது. மகன் என்று ஒரு பெரிய மனிதர் காகிதத்தில் எழுதியிருந்தது பிடித்திருந்தது. இது நாடகம் என்று ஒரு மூலையில் தெரியும், ஆனாலும் ஒருவேளை நிஜமாகவே இருந்துவிட்டால் என்று இன்னொரு மூலை சொல்லிக்கொண்டிருந்தது. வெளியே வந்தபோது என் அப்பா எழுந்து நின்றார். திட்டுவார் என்று பார்த்தேன். "சாப்பிட்டியா?" என்றார். "ஆச்சு" என்று சொல்லிவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் காரில் ஏறிக்கொண்டேன். அதற்கு நான் இன்னும் வெட்கப்படுகிறேன்.

கோப்பு மூடப்பட்டது. ஒரு வருஷம் கழித்து என்னைப் பதிவாளர் அலுவலகத்துக்குக் கூட்டிப் போய், ஐயாவின் மருமகன் பெயருக்கு அந்த நிலத்தை எழுதி வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் கூடத்தில் என் பாய் இல்லை. யாரும் போ என்று சொல்லவில்லை. பாய் மட்டும் இல்லை. நானே என் துணிகளைச் சுருட்டிக்கொண்டு எங்கள் தெருவுக்கு நடந்தேன். தெருவில் ஒருவரும் என்னோடு பேசவில்லை. ஒரு கிழவர் மட்டும், "வாங்க மிராசுதாரே" என்றார். அப்பா குடிசை வாசலில் நின்றிருந்தார். "காலக் கழுவிட்டு வா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சோற்று வட்டிலை எடுத்து வைத்தார். அவர் சாகிற வரைக்கும் அந்த விசாரணையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த நிலத்தில் இன்றைக்கும் யார் யாரோ விவசாயம் செய்கிறார்கள். எங்கள் தெருக்காரர்களுக்கு ஒரு குழி நிலம் கூடக் கிடைக்கவில்லை.

பெரிய ஐயா செத்தபோது நான் போனேன், தூர நின்று பார்த்துவிட்டு வந்தேன். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். டைபாய்டின்போது டாக்டரைக் கூப்பிட்டாரே, அது எதற்காக? அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது, உச்சவரம்பைப் பாதியாக்குகிற பேச்சே வரவில்லை. அப்படியானால் அது நிஜம்தானே? இல்லை, வளர்த்து வைப்போம், எதற்காவது ஆகும் என்று அப்போதே ஒரு கணக்கா? வயசாகியும் இதற்கு எனக்கு விடை தெரியாது. ஒருவனை வளர்த்து, பிறகு அவனைப் பயன்படுத்திக்கொண்டால், பயன்படுத்திய நாள் மட்டும் கெடுவதில்லை. அதற்கு முன்னால் போட்ட ஒவ்வொரு கவளமும் சந்தேகத்துக்கு ஆளாகிவிடுகிறது. இந்தச் சந்தேகத்தைத்தான் நான் சுமந்துகொண்டு திரிகிறேன்.

அதை உன் மேலும் இறக்கி வைத்தேன். உனக்கு எட்டு வயதில் கோடை விடுமுறைக்குப் பேராவூரணியில் சித்தி வீட்டில் போய் இருந்தாயே, ஞாபகம் இருக்கும். பிள்ளையில்லாதவள். தென்னந்தோப்பில் உனக்காக ஊஞ்சல் கட்டி, தினமும் இளநீர் வழுக்கை தோண்டித் தந்து வைத்துக்கொண்டாள். திரும்பி வந்த நீ அவளை "சித்தியம்மா" என்று சொல்லாமல் வெறும் "அம்மா" என்று சொன்னாய். நான் உன்னை அறைந்தேன். அதோடு நின்றேனா? அவளுக்குப் போன் போட்டு, "எம்புள்ளைய வளைக்கப் பாக்குறியா?" என்று கேட்டேன். அவள் போனை வைத்தாள். அதற்கப்புறம் உன்னை ஒரு நாளும் கூப்பிடவில்லை. போன வருஷம் அவள் இறந்தபோது நீ தலைமாட்டில் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதாய். நான் பந்தலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். அவள் உனக்கு வெறுமனே சோறு போட்டவள். எதையும் எழுதி வாங்க நினைக்கவில்லை. எனக்குத்தான் எல்லாச் சோற்றிலும் பத்திர வாடை. அந்தத் தப்புக்கு உன்னிடம் இப்போதுதான் மன்னிப்புக் கேட்கிறேன். அவளிடம் கேட்க வழியில்லை.

அதனால் உன் விஷயத்திலும் என் மூக்கை நம்பி முடிவெடுக்க எனக்குப் பயமாக இருந்தது. நீ பெரிய ஐயா இல்லை. உன்னிடம் மறைக்க நிலமும் இல்லை. ஆனால் உன் மனசில் ஒரு காலி இடம் இருக்கிறது, அதை நிரப்ப ஒரு குழந்தை வேண்டியிருக்கிறது. காரணம் வேறாக இருந்தாலும், வருகிற குழந்தைக்கு அது காரணம்தானே? அந்தக் குழந்தையும் ஒரு நாள் வளர்ந்து, என்னை எதற்காகக் கூட்டி வந்தார்கள் என்று உட்கார்ந்து யோசிக்கும். எங்கம்மா தேறாமல் போகட்டும் என்று இவர்கள் நினைத்திருப்பார்களோ என்று அதற்கு ஒரு நாள் தோன்றிவிட்டால், நீ வாங்கிக் கொடுத்த ஒவ்வொரு சட்டையும் அதற்கு முள்ளாகக் குத்தும். நான் மிகைப்படுத்தவில்லை. அந்தச் சட்டையைப் போட்டவன் சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமை பென்ஷன் ஆபீஸுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேனே, அது பொய். நாகப்பட்டினம் பஸ் ஏறினேன். அந்த அதிகாரியம்மா போன வாரம் கிளம்பும்போது கேட் வரை போய், "அந்தப் புள்ளையோட அம்மாவ நான் பாக்கலாங்களா?" என்று கேட்டிருந்தேன். முதலில் தயங்கினார். டாக்டரிடம் பேசிவிட்டுத் திங்கட்கிழமை போன் செய்து, கொஞ்ச நேரம் பார்க்கலாம் என்றார். என் அப்பாவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை தம்பி. வளர்க்கிறவர் பேசினார், வக்கீல் பேசினார், அதிகாரி பேசினார், நான் பேசினேன். பெற்றவர் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தார். இந்த முறையாவது தாழ்வாரத்தில் இருப்பவரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

மனம் பேதலித்தவள் என்று நீ சொன்னதை வைத்து நான் என்னென்னவோ கற்பனை செய்துகொண்டு போனேன். முப்பது வயதுகூட இருக்காது. எண்ணெய் தேய்த்துத் தலை வாரி, கட்டிலில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாள். பேச்சு மெதுவாக, ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் கொஞ்சம் தேடிக்கொண்டு வந்தது. மாத்திரை அப்படி என்று நர்ஸ் சொன்னார். நான் யார் என்று சொன்னதும் அவள் அழவில்லை. வேலை ஒப்படைக்கிற மாதிரி சொல்ல ஆரம்பித்தாள். "கூட்டத்துல கைய வுட்டுருவா, நீங்கதான் புடிச்சுக்கணும். மீன் முள்ளு அவளே எடுப்பா ஐயா, எடுத்துக் குடுக்க வேணாம், கோவம் வந்துரும். கடல் சத்தத்துக்குப் பயப்பட மாட்டா. மனுசங்க கத்துனாத்தான் பயம்." நான் சரிம்மா, சரிம்மா என்று தலையாட்டிக்கொண்டே இருந்தேன். டாக்டர் அவள் தேறி வருவதாகத்தான் சொல்கிறார். ஒரு வருஷம் ஆகலாம், இரண்டும் ஆகலாம். தேறவே மாட்டாள் என்று உனக்கு யார் சொன்னார்களோ தெரியாது. நீயே சொல்லிக்கொண்டாயோ என்று எனக்குச் சந்தேகம்.

கிளம்புகிற நேரத்தில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "நான் நல்லா ஆயி வந்து கேட்டா, குடுத்துருவாங்களா ஐயா?"

என் மகன் குடுத்துடுவாம்மா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வரவில்லை. மாடிப்படியில் நீ பேசிய குரல் காதில் இருந்தது. ஒரு தடவை தெரிந்தே பொய்யாக ஒரு பதில் சொல்லி ஒரு தெருவையே வாயடைக்க வைத்தவன் நான், இன்னொரு முறை முடியாது. "அவனையே வரச் சொல்றேம்மா, அவன்கிட்டயே கேளு" என்றேன். பெற்ற மகனுக்காக ஒரு வார்த்தை உறுதி சொல்ல முடியாமல் பஸ்ஸில் திரும்பி வந்ததுதான் இந்த ஆறு நாளில் எனக்கு மிகவும் வலித்தது. நீ பேசாதது அவ்வளவு வலிக்கவில்லை.

ஆகவே என் பதில் இதுதான். கயல் இந்த வீட்டுக்கு வருவது எனக்குச் சம்மதம். வரட்டும். என் அறையையே அவளுக்குக் கொடுக்கிறேன், நான் கூடத்தில் படுத்துக்கொள்கிறேன். ஆனால் படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் நீ நாகப்பட்டினம் போய் வர வேண்டும். மலரையும் அழைத்துக்கொண்டு போ. அந்தப் பெண் உன்னிடமும் அதே கேள்வியைக் கேட்பாள். கொடுத்துவிடுவேன் என்று உன்னால் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடிந்தால், சொல்லிவிட்டு வா, வெள்ளிக்கிழமை காலையில் நான் முதல் ஆளாகக் கையெழுத்துப் போடுகிறேன். அந்தச் சொல்லைக் காப்பாற்றியதற்காக ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ கழித்து நீ மூன்று நாள் சாப்பிடாமல் கிடப்பாய், மலர் உடைந்து போவாள். நான் இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். சொல்ல முடியவில்லை என்றாலும் ஒளிக்காமல் வந்து சொல். உன்னைக் கெட்டவன் என்று நினைக்க மாட்டேன். அப்போது தத்து எடுக்க முறைப்படி எழுதிக் கொடுத்துக் காத்திரு. இன்னொருத்தி நோயை எதிர்பார்த்துக்கொண்டிருக்காதே.

பார்க்க விடுகிற நேரம் மாலை மூன்றிலிருந்து ஐந்து வரை. டாக்டரிடம் நான் சொல்லி வைத்திருக்கிறேன். பெண்கள் பகுதி, மாடி ஏறி இடது பக்கம், ஜன்னலோரம் மூன்றாவது கட்டில். படிவத்தில் இருக்கிற பெயரைச் சொல்லிக் கேட்காதே, அங்கே யாருக்கும் அந்தப் பெயர் தெரியாது. நர்ஸிலிருந்து கூட்டுகிற அம்மா வரைக்கும் எல்லாரும் அவளை ஒரே பெயரில்தான் கூப்பிடுகிறார்கள், சேர்ந்த நாளிலிருந்து அவள் அதைத்தான் தன் பெயராகச் சொல்லி வந்திருக்கிறாள். கயலோட அம்மா எங்கே என்று கேள். காட்டுவார்கள்.

அப்பா